கரண்ட் ஏறாத உடம்பு

என் வீட்டுக்காரர் ஒரு முடிவு எடுத்தால் நான் முதலில் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். அப்படியே பழகிவிட்டது. போன முடிவில் குக்கர் மூடி போனது. அதற்கு முந்தின முடிவில் பால்காரரோடு பேச்சுவார்த்தை போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தவர், தலையைத் துவட்டிக்கொண்டே மேலே பார்த்தார்.

"ஜோதி, இன்னைக்கு இந்த டியூப் லைட்டுக்கு ஒரு முடிவு கட்டுறேன்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.

அந்த லைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எரியும். அதுவரைக்கும் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் என்னைப் பார்த்துக் கண்ணடித்த ஒரே ஆள் அதுதான். அது மாட்டியிருக்கிற தகரப் பட்டி ஒற்றைத் திருகாணியில் தொங்கியது. நேர் கீழே தொட்டில். மாற்றத்தான் வேண்டும். அதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை.

ஆனால் அந்தப் பட்டி பொல்லாதது. போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினேன். ஈரத் துணி பட்டதும் கை தோள் வரைக்கும் சுள்ளென்று இழுத்தது. கீழே வந்து விழுந்தேன்.

"அது கரண்ட் இல்ல புள்ள. வெறும் வயித்துல ஏறுனா அப்பிடித்தான் இருக்கும்" என்றார் இவர்.

அன்றைக்கு நான் வயிறு நிறைய பழைய சோறு சாப்பிட்டிருந்தேன். அதனால் எனக்கு ஒன்று புரிந்தது. எங்கள் வீட்டில் சுவிட்சை அணைத்தாலும் கரண்ட் அணையாது. மெயினில் ஃபீஸ் கட்டையைக் கழற்றினால்தான் உண்டு.

அந்த ஃபீஸ் கட்டை எங்கள் வீட்டில் இல்லை. நாங்கள் இருப்பது லைன் வீடு. வரிசையாக ஆறு வீடு, எல்லாவற்றிலும் எங்களைப் போல தெற்கிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த சனம். வாசல் பக்கம் வீட்டு ஓனர் தெய்வாத்தாள் அம்மாவின் வீடும், அவர்கள் நடத்துகிற சின்ன தையல் யூனிட்டும். ஆறு வீட்டு ஃபீஸ் கட்டையும் அவர்கள் வாசல் சுவரில் ஒரு இரும்புப் பெட்டிக்குள். பெட்டிக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி அந்த அம்மா இடுப்பில்.

"அந்தம்மாகிட்டச் சொல்லி ஃபீஸைக் கழட்டச் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்குன்னு கேக்குமே."

"லைட்டு மாட்டன்னு சொல்லுங்க."

"சொன்னா? கரண்டு வேலையில குடியிருக்கவுக யாரும் கை வைக்கக் கூடாது, எலக்ட்ரீசியனைக் கூப்புடுங்கன்னு சொல்லும். அந்த எலக்ட்ரீசியன் வருவான். அவன் வேலை பாக்க நான் வாயைப் பாத்துட்டு நிக்கணுமா? நான் யாரு?"

"அயர்ன் மாஸ்டரு."

"பொறவு? காலையில அயர்ன் பாக்ஸைக் கையில எடுத்தா பொழுது சாயத்தான் கீழ வைக்கேன். கரண்டோட குடும்பமே நடத்துறேன். கரண்ட் எனக்கு மச்சான் முறை."

"மச்சான்னா கை நீட்டுவாகளே."

"என் மச்சான் நீட்ட மாட்டான்."

என் தம்பி ஒரு தடவை நீட்டியிருக்கிறான். அதை அப்போது ஞாபகப்படுத்தவில்லை.

"சரி, ஃபீஸைக் கழட்டாம எப்பிடி மாட்டுவீக?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மத்தியானம் கரண்ட் கட்டுல்ல? அப்ப மாட்டுவேன்."

அந்த வருஷம் திருப்பூரில் கரண்ட் போவது ஒரு செய்தியே இல்லை. வருவதுதான் செய்தி. கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்து ஷிப்ட் போட்டார்கள். நாங்கள் அதைப் பார்த்து மாவு ஆட்டினோம். எங்கள் தெருவுக்கு ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் கட். ஞாயிற்றுக்கிழமையென்றும் பார்க்க மாட்டார்கள்.

"கவர்மெண்டே நமக்காக மெயினை ஆஃப் பண்ணுது. இதைவிடப் பெரிய மெயின் எங்கன இருக்கு?" என்றார்.

"நாலு மணின்னு சொல்லிட்டு முன்னாலயே விட்டுருவாகளே."

"என்னைக்கு விட்டாக?"

"முந்தாநேத்து. நான் கிரைண்டரைக் கழுவிட்டு இருக்கேன், அது தன்னால சுத்துது. கையை எடுத்தது சாமி புண்ணியம்."

"அது கிரைண்டரு. இது லைட்டு."

நான் போய் ரசத்தை அடுப்பில் ஏற்றினேன்.

அவர் கடைக்குப் போய்ப் புதுப் பட்டியும் டியூபும் வாங்கி வந்தார். சட்டைப் பையில் ஒரு டெஸ்டரைப் பேனா மாதிரி சொருகிக்கொண்டார். நான் ரசத்தில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் ரெண்டு தடவை போட்டேன். நாலு மணி மூணு மணியானால் என்ன ஆகும்? அதுதான் மண்டைக்குள் ஓடியது. என் குழந்தைக்கு அப்பா வேண்டும். எனக்கும் இவர் வேண்டும். குக்கர் மூடி போனால் வேறு வாங்கலாம்.

ஓனர் அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் இவர் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். மானமும் போகாமல் உயிரும் போகாமல் ஒரு வழி வேண்டும். வழி கூடக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வழியில் நான் வாயைத் திறந்து பேச வேண்டியிருந்தது.

அந்த லைன் வீட்டுக்கு வந்ததிலிருந்து என் குரலைக் கேட்டவர்கள் இவரும் குழந்தையும்தான். யாராவது எதிரில் வந்தால் தலை தன்னால் குனிந்துவிடும். தெய்வாத்தாள் அம்மாவைப் பார்த்தால் இவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். இன்றைக்கு அந்த முதுகைக் காப்பாற்றத்தான் போக வேண்டும்.

ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது. யூனிட்டில் தையல் மெஷின் சத்தம் ஒரே அடியாக நின்றது. இவர் ஸ்டூலைத் தேடினார். நான் ஈரத் துணி வாளியை எடுத்தேன்.

"எங்கன போற?"

"துணி காயப் போட்டுட்டு வாரேன். நான் வந்துதான் ஏறணும். ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுது."

அது பொய் இல்லை. அந்த ஸ்டூலுக்கு ரெண்டு கால் ஆடும்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். ஓனர் அம்மா வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போனதால் டெய்லர்கள் எல்லாரும் வெளியே டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை கண்ணும் என் மேல்.

"வா கண்ணு. என்ன, தண்ணி வரலீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"கொழந்தைக்கு ஒடம்பு சொகமில்லியா?"

ஆட்டினேன்.

"ஊட்டுக்காரரு கூடச் சண்டையா?"

இதற்கு எந்தப் பக்கம் ஆட்டுவது என்று யோசித்தேன்.

"அட, வாயத் தொறந்து சொல்லு சாமி. நானென்ன கடிச்சா போடுவேன்?"

கண்ணை மூடிக்கொண்டேன். கண் மூடினால் டெய்லர்கள் இல்லை.

"எங்க வீட்ல சுவத்துப் பக்கம் கை வச்சா சுள்ளுங்குது ஃபீஸ் கட்டையக் கழட்டித் தாங்க" என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது அந்த அம்மா எழுந்து பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"கொழந்தை தவழற ஊடு! இத்தன நாளா சொல்லாம இருந்தயா?" மூணாம் நம்பர் எழுதிய கட்டையை டக்கென்று பிடுங்கினார்கள். சோப்புக் கட்டி அளவில் வெள்ளைப் பீங்கான். பெட்டிக்குள் வைக்கவில்லை. என் கையில் வைத்து மூடினார்கள்.

"இதை நீயே வெச்சுக்கோ கண்ணு. பொட்டில வெச்சா எவனாச்சும் வந்து, ஏன்டா கழண்டு கெடக்குதுன்னு மறுக்கா சொருகிப் போடுவான். உன்ற கையில இருந்தாத்தான் உன்ற ஊட்ல கரண்டு இல்லீன்னு அர்த்தம். சாயந்திரம் எலக்ட்ரீசியனை வரச் சொல்றேன்."

கட்டையைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டேன். வயிற்றில் சில்லென்று இருந்தது. நான் திரும்பி வரும்போது பூமியில் கால் படவில்லை. அவர் உயிர் என் இடுப்பில் இருந்தது. அவருக்குத்தான் தெரியாது.

வீட்டுக்குள் வந்து முதல் வேலையாக ஃபேன் சுவிட்சை அணைத்தேன். டிவி சுவிட்சையும் அணைத்தேன். கரண்ட் வந்தும் அதெல்லாம் ஓடாவிட்டால் சந்தேகம் வருமே. குழந்தையைத் தள்ளிப் பாயில் உட்கார வைத்தேன்.

"இப்ப ஏறுங்க" என்றேன்.

"என்ன, திடீர்னு தைரியம் வந்துருச்சு?"

"உங்க மேல நம்பிக்கைதான்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மளமளவென்று பழைய பட்டியைக் கழற்றினார். புதுப் பட்டியைத் திருகினார். குறை சொல்லக் கூடாது, கை நேர்த்தியான கை. ரெண்டு கம்பியையும் பல்லால் சீவி, கைக்கு ஒன்றாகப் பிடித்து முறுக்கப் போனார்.

"ஹேய்ய்ய்ய்!" என்று தெருவே கத்தியது.

கரண்ட் வந்துவிட்டது. நாலு மணி ஆக இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. யூனிட்டில் மெஷின்கள் விர்ரென்று எழுந்தன. பக்கத்து வீட்டு டிவியில் ஒரு பெண் பாதி அழுகையிலிருந்து தொடங்கி அழுதாள். இவர் ரெண்டு கையிலும் வெறும் செம்புக் கம்பியோடு ஸ்டூல் மேல் நின்றார். முகம் அயர்ன் பண்ணாத பனியன் மாதிரி சுருங்கிப்போனது.

"ஜோதி."

"ம்."

"நான் இருக்கேனா?"

"இருக்கீக."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லா இருக்கீக."

மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். சுவிட்ச் போர்டைப் பார்த்தார். கரண்ட் இல்லாத நேரத்தில் சுவிட்சை யார் பார்க்கிறார்கள்?

"சுவிட்சு ஆன்ல இருக்கு."

"ஆமா."

"கரண்டு வந்துருச்சு."

"தெருவுக்கு வந்துருச்சு."

"கம்பி என் கையில இருக்கு."

"இருக்கு. அது வந்துங்க..."

"பேசாத!"

சுருங்கிய முகம் விரிந்தது. ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். குக்கர் மூடிக்கு முன்னாலும் அது வந்தது.

"எனக்குக் கரண்ட் ஏறல!" என்றார். "ஜோதி, எனக்குக் கரண்ட் ஏறாது! அயர்ன் பாக்ஸைப் புடிச்சுப் புடிச்சு உடம்பு பதப்பட்டுருச்சு. சின்னதுல பூரான் கடிச்சப்பவே எங்கம்மா சொல்லுச்சு, இவனுக்கு விஷம் ஏறலைன்னு. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்."

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கல்யாணத்தன்றுகூட அப்படி நின்றதில்லை. பாவம், ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் அவர் ஸ்டூலிலிருந்து குதித்து, கைலியை மடித்துக் கட்டி, வாசலைத் தாண்டிவிட்டார்.

"எங்கன போறீக?"

"மொக்கைச்சாமி அண்ணன் வீட்டு வாசல் பல்பு ஹோல்டரு உடைஞ்சு தொங்குதுல்ல? கரண்ட் கட்டு நேரம் பாத்து மாட்டணும்னு புலம்பிட்டே இருந்தாரு. பாவம், அவருக்குக் கரண்ட் ஏறும்!"

என் மடியில் இருந்தது மூணாம் நம்பர். மொக்கைச்சாமி அண்ணன் வீடு நாலாம் நம்பர். அவர்கள் கட்டை பெட்டிக்குள் பத்திரமாக உட்கார்ந்து முழுக் கரண்டையும் அனுப்பிக்கொண்டிருந்தது.

குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

மொக்கைச்சாமி அண்ணன் வாசலில் நின்றார். அவர் சம்சாரம் கருத்தம்மா அக்கா படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அண்ணே, தள்ளுங்க. அந்த ஹோல்டரைக் கழட்டி எறியுறேன்."

"கரண்டு வந்துருச்சே தம்பி."

"வரட்டும்."

"சுவிட்சை அணைக்கட்டா?"

"வேணாம். இருக்கட்டும். உங்களுக்கு ஒரு அதிசயம் காட்டுறேன்."

"செருப்பாச்சும் போட்டுக்கோ தம்பி."

"செருப்பெல்லாம் உங்களுக்குண்ணே."

"ஏங்க" என்றேன். யூனிட் மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இவர் நாற்காலியில் ஏறினார்.

"ஏங்க..." இது குழந்தைக்கு மட்டும் கேட்டது. அது என் வாயைப் பார்த்தது.

வீட்டு வாசல் எல்லாவற்றிலும் ஆள் எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் ஓனர் அம்மாவும் எழுந்து வந்தார்கள். இவர் ஊரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். கையை நீட்டினார். உடைந்த ஹோல்டருக்குள் கம்பி பளபளவென்று தெரிந்தது. விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"தொடாதீக! உங்களுக்கும் கரண்ட் ஏறும்! நம்ம வீட்டு ஃபீஸ் கட்டை எங்கிட்ட இருக்கு!"

யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று நானே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். யூனிட்டில் ரெண்டு மெஷின் நின்றுவிட்டது.

இவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நான் மடியிலிருந்து கட்டையை எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன். இறக்கவே இல்லை.

முதலில் பேசியது ஓனர் அம்மாதான்.

"ஏங் கண்ணு, கை வெச்சா சுள்ளுங்குதுன்னயே. அந்தச் சுவரு இதுதானா?" என்று இவரைக் காட்டினார்கள்.

லைன் முழுக்கச் சிரித்தது. டெய்லர்கள் சிரித்தார்கள். டிவியில் அழுதுகொண்டிருந்த பெண்கூட நிறுத்தியது போல இருந்தது.

மொக்கைச்சாமி அண்ணன் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். "தம்பி, உங்க வீட்ல பேசுவாகளா?"

"பேசலைன்னா இந்நேரம் நம்ம வாசல்ல பந்தல் போட்ருக்கணும்" என்றார்கள் கருத்தம்மா அக்கா. "எறங்கு தம்பி. முதல்ல நாற்காலியை விட்டு எறங்கு."

இறங்கினார். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தன் பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு ஏறும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏறும்."

"முழுசாவா?"

"முழுசா."

குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். விட மாட்டேன் என்று வைத்துக்கொண்டார்.

ஓனர் அம்மா எங்கள் வீட்டுக்குள் போய்ப் பட்டியை அண்ணாந்து பார்த்தார்கள். போச்சு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். வெளியே வந்து இடுப்பில் கை வைத்தார்கள்.

"வேலை சுத்தமாத்தானுங்க இருக்குது தம்பி. புத்திதான் கொஞ்சம் லூஸ் காண்டாக்டு. இனிமேப்பட்டு இந்த லைன்ல பல்பு, பட்டி மாட்டறதுன்னா நீங்களே மாட்டுங்க. ஆனா பொட்டிச் சாவி இந்தப் புள்ளகிட்ட இருக்கும். அவ கட்டையக் கழட்டி மடியில வெச்சுட்டு, ஏறுங்கன்னு சொன்னாத்தான் நீங்க ஏறோணும். தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்கம்மா" என்றார். கொங்குத் தமிழே வந்துவிட்டது அவருக்கு.

சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்கள். எலக்ட்ரீசியனுக்கு வர வேண்டாம் என்று போன் போட்டார்கள். இவர் கம்பியை முறுக்கி, டேப் சுற்றி, டியூபை மாட்டினார். நான் போய்க் கட்டையைச் செருகினேன். வீடு பளிச்சென்று ஆனது. கண்ணடிக்கவே இல்லை. குழந்தை மேலே பார்த்துக் கைதட்டியது. இவரும் தட்டினார்.

அதற்கப்புறம் எனக்குத் தலை குனிய நேரமில்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் ராஜபாண்டி சம்சாரம் என்பார்கள். இப்போது, "நாகஜோதி, எங்க வீட்டு ஃபேனுக்கு ஒருக்கா வீட்டுக்காரரை அனுப்புறியா?" என்று வாசலில் வந்து கேட்கிறார்கள். நானும் நின்று பதில் சொல்கிறேன். முதல் வார்த்தைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ரெண்டாவது வார்த்தை தன்னால் வந்துவிடும். இவருக்கும் பெருமைதான். வேலை முடிந்தால் ஒரு டம்ளர் காபி கிடைக்கிறது, மாஸ்டர் என்று ஒரு வார்த்தையும் கிடைக்கிறது.

மறு ஞாயிற்றுக்கிழமையே மொக்கைச்சாமி அண்ணன் வீட்டு ஹோல்டரை மாட்டக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு லைன் முழுக்கக் கூடிவிட்டது. நான் நாலாம் நம்பர் கட்டையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு வந்தேன். இவர் செருப்புப் போட்டிருந்தார். செருப்புக்குக் கீழே பலகை போட்டிருந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார், எரியவில்லை. கையை நீட்டப் போனவர் நிறுத்தினார்.

"ஜோதி, கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்."

"நாலாம் நம்பருதானே?"

"நாலாம் நம்பருதான்."

"காட்டு."

எடுத்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். ஊரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். நெஞ்சை நிமிர்த்திக் கையை ஹோல்டர் பக்கம் கொண்டுபோனார். பாதியில் நின்றது.

"இன்னொரு தடவை காட்டு" என்றார்.